தூரத்துப் பொருள்

சீட்டு எடுத்ததில் எனக்கு வந்தது நிறமாலைமானி.
சுயம்புகனிக்குத் தொடுகோட்டுக் கால்வனாமீட்டர்.
"ஊசி நிக்கவே மாட்டேங்குட்டி" என்று அழப்போனாள்.
"தலையில இருக்கிற ஹேர்பின்னக் கழத்து மொதல்ல"
என்றார் லேப் அக்கா எஸ்தர் பாக்கியம்.
கழற்றினாள்.
ஊசி கொஞ்சம் யோசித்து
வடக்கே போய்ப் படுத்துக்கொண்டது.
இவ்வளவு பெரிய பூமி
ரெண்டு ரூபாய் ஹேர்பின்னோடு
அதுவரை இழுபறியில் இருந்திருக்கிறது.

எனக்கு முதல் வேலை
தொலைநோக்கியைத் தூரத்துப் பொருளுக்குச் சரிசெய்வது.
புத்தகத்தில் அது ஏதோ ஒரு மரம்.
பணகுடியில் ஜன்னலைத் திறந்தால் காற்றாலை.
குழாயை இழுத்தேன், தள்ளினேன், இழுத்தேன்.
மங்கல் விலகி
மலை மேலே வந்தது, வானம் கீழே போனது,
நடுவில் வெள்ளைக் கம்பம் ஒன்று தொங்கியது,
விளக்குக் கம்பியில் வௌவால் மாதிரி.

தலைகீழ். அது தெரிந்ததுதான்.
ஆனால் சுற்று?
வெறுங்கண்ணுக்கு வலஞ்சுழி.
குழாய்க்குள்ளும் வலஞ்சுழி.
கண்ணை எடுத்துப் பார்த்தேன், வைத்துப் பார்த்தேன்.
மேலது கீழாகி, இடது வலமாகி,
இரண்டு திருப்பலும் ஒன்றையொன்று
அடித்துக்கொண்டு போயிருக்கின்றன.
என் அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை.

அந்த வரிசையில் நிறுத்தி வைத்திருக்கும் ஏதோ ஒன்றின்
உச்சிப் பெட்டிக்குள் என் அண்ணன் ஐசக் கிரீஸ் போடுவான்.
பத்தாவதோடு நின்றவன்.
"ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள்.
இதுக்கு ரெண்டு வருசம் படிக்கணுமாக்கும்" என்பான்.

சோடியம் விளக்கு ரோசாவாக விழித்து
மெல்ல மஞ்சளுக்கு வந்தது.
ஏறிய எலக்ட்ரான்கள் இறங்குகிற மஞ்சள்.
சுயம்புகனியின் சிவப்பு ரிப்பன் அதில்
கரியாய்ப் போனது.

முப்பட்டகத்தைத் திருப்பினேன்.
பிளவின் பிம்பம் நடந்தது, தயங்கியது,
நின்றது,
பிறகு வந்த வழியே திரும்பியது.
நான் ஒரே பக்கம்தான் திருப்புகிறேன்.
எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் அதுவாய்த் திரும்புகிறது.
அந்த இடம்தான். அதைத்தான் குறிக்க வேண்டும்.
வெர்னியருக்குக் குனிந்தேன்.

கரண்டு போனது.

வள்ளியூரிலிருந்து வந்த தேர்வாளர்
என் ரெக்கார்டு நோட்டாலேயே விசிறிக்கொண்டார்.
ஜன்னலில் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.
அதற்கு இந்தப் பக்கம்
கூடங்குளத்தில் அணு உடைந்த சூடு
உயர்கம்பியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது,
எங்கள் ஸ்டேஷனில் நிற்காத ரயில் மாதிரி.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பேட்டரிக்காரி சுயம்புகனி மட்டும்
அளவு எடுத்துக்கொண்டே இருந்தாள்.
ஊசியைப் பார்த்தபடி கிசுகிசுத்தாள்:
"முப்பத்தொம்பதுன்னு எழுதிருட்டி.
ஒன்னு புள்ளி அஞ்சு ரெண்டு வந்திரும்."

எல்லாருக்கும் வந்திருக்கிறது.
ஐந்து வருடமாக இந்த லேபில்
அதே கண்ணாடிக்கு அதே எண்.
பென்சிலைக் கட்டத்தில் வைத்தேன்.
அது நின்ற இடம் கண்ணுக்குள் இருந்தது,
எண்ணாக இல்லை.

இருபத்திரண்டு நிமிடம்.
விளக்கு மறுபடி ரோசாவிலிருந்து தொடங்கியது.
அதற்கு எதுவும் ஞாபகமில்லை.
திருப்பினேன். வந்தது. தயங்கியது. நின்றது.
நாற்பது டிகிரி, பன்னிரண்டு நிமிடம்.

"கொஞ்சம் கூட இருக்கே" என்றார்.
"ஆமா சார்."
"தூரத்துப் பொருள் எதுக்கு?"
"இணைக்கதிருக்கு சார்."
கையெழுத்துப் போட்டார்.
சுற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் அண்ணன்
மண்ணெண்ணெயில் விரல் விரலாகக் கழுவிக்கொண்டிருந்தான்.
"உன் காத்தாடியத் தலைகீழாப் பாத்தேன்."
நிமிரவில்லை.
"தலைகீழா நின்னாலும் சரியான பக்கந்தான சுத்திச்சு?
மாத்திச் சுத்துனா
கியர்பாக்ஸ் போயிரும்ட்டி."